குறிக்கோள் கண்ட மருத்துவர் ஸர் ரொனால்டு ராஸ்

மக்களாய்ப் பிறந்த யாவரும் உழைக்கின்றனர். ஆயின், எதன்பொருட்டு உழைக்கின்றோம் என்பதை உணர்ந்து உழைப்பவர் மிகச் சிலரே. காலையில் எழுந்து, உண்டு, உடுத்து, அலுவலகம் சென்று, மாலையில் வீடு திரும்பி, மாத இறுதியில் ஊதியம் பெற்றுக் காலம் கழிப்பதில் குற்றமொன்றும் இல்லை. குடும்பத்தைக் காப்பதும் ஓர் அறமே. எனினும் ஆண்டுகள் பல சென்றபின் உள்ளத்தில் ஒரு சோர்வு தலைகாட்டுகிறது. பேரேட்டின் பக்கங்கள் நிறைகின்றன, நெஞ்சம் நிறைவதில்லை. பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வந்த நம் போன்றோர் குடும்பங்களில் இச்சோர்வு சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது எனலாம். வேலை கிடைத்தாயிற்று, குடியிருப்பில் வீடு கிடைத்தாயிற்று, பிள்ளைகளும் பள்ளியில் சேர்ந்தாயிற்று. இனி என்ன என்ற வினா எழுகிறது. நம் இளைஞர்களோ வேறு வகையில் வருந்துகின்றனர். தமக்கென ஒரு குறிக்கோள் இன்னும் புலப்படவில்லையே, உடன் படித்தவரெல்லாம் முந்திச் சென்றுவிட்டனரே என ஏங்குகின்றனர்.

இவ்விரு சாரார்க்கும் ஆறுதலும் ஊக்கமும் தரவல்ல வாழ்க்கை ஒன்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம். அதனைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பேகம்பேட்டையில் பழைய விமான நிலையத்தின் அருகே பழங்காலக் கட்டடம் ஒன்று நிற்கின்றது. உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அக்கட்டடத்திற்கு ஸர் ரொனால்டு ராஸின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. நல்லகுண்டாவில் மக்கள் கோரண்டி ஆஸ்பத்திரி என வழங்கும் காய்ச்சல் மருத்துவமனைக்கும் அவர் பெயரே இடப்பட்டிருக்கிறது. லாலாகுடாவிலும் மெட்டுகுடாவிலும் சீதாபல்மண்டியிலும் வாழும் நம்மவர் பலர் அவ்விடங்களைக் கடந்து சென்றிருப்பர். அப்பெயருக்கு உரியவர் யார், அவர் இங்கு என்ன செய்தார் என்பதை அறிந்தவர் சிலராகவே இருப்பர். மலேரியா எனும் குளிர்காய்ச்சல் கொசுவினால் பரவுகிறது என்பதற்குரிய முதற்சான்று கிடைத்தது நம் செகந்தராபாத்திலேதான். அதைக் கண்டவர், நாற்பது வயதை எட்டும்வரை உலகம் அறியாத ஒரு படை மருத்துவராக இருந்தவர்.

பிறப்பும் இளமையும்

ராஸ் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். மீரத் நகரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்றே நாட்கள் ஆகியிருந்தன. தந்தையார் வங்காளப் படையின் ஆங்கிலேய அதிகாரி. பத்துப் பிள்ளைகளுள் ராஸே மூத்தவர். அக்கால வழக்கப்படி எட்டு வயதில் கல்வியின்பொருட்டு அவரை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டனர். பெற்றோரைப் பிரிந்து உறவினர் வீட்டிலும் விடுதிப் பள்ளியிலும் வளர்ந்தார்.

பள்ளி நாட்களில் அவருக்குப் பிடித்தவை ஓவியம், கணிதம், கவிதை, இசை ஆகியவை. ஓவியத் தேர்விலும் கணிதத்திலும் பரிசு பெற்றார். எழுத்தாளராகவோ ஓவியராகவோ வாழ வேண்டும் என்பதே அவர் விருப்பம். தந்தையாரோ மகன் மருத்துவம் பயின்று இந்திய மருத்துவப் பணியில் சேர வேண்டுமென உறுதியாக நின்றார். மகன் பணிந்தார். 1874இல் லண்டனிலுள்ள செயிண்ட் பார்த்தலோமியோ மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார்.

தம் பிள்ளை டாக்டராக வேண்டும், இஞ்சினீயராக வேண்டும் என்று விழைந்து, அவ்விழைவைப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிடும் பெற்றோர் நம்மிடையேயும் உண்டு. அதன் விளைவு எவ்வாறிருக்கும் என்பதை அடுத்த இருபது ஆண்டுகளின் வரலாறு காட்டுகிறது.

திறமை பல, நோக்கம் இல்லை

ராஸ் மருத்துவத்தை மனமொன்றிப் படிக்கவில்லை. நாடகம் எழுதினார், கவிதை புனைந்தார், இசையில் பொழுது போக்கினார். தேர்வு ஒன்றில் தேறினார், மற்றொன்றில் தவறினார். இடையில் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் கப்பலொன்றில் மருத்துவராகப் பணியாற்றி வயிறு வளர்த்தார். 1881இல் மீண்டும் எழுதித் தேறி, இந்திய மருத்துவப் பணிக்குரிய தேர்விலும் வெற்றி பெற்றார். அத்தேர்வில் தேறிய 22 பேரில் அவர் பெற்ற இடம் 17 ஆகும்.

மதராஸ் மாகாணப் பிரிவில் அவருக்குப் பணி கிடைத்தது. மதராஸ், பங்களூர், பர்மா, அந்தமான் எனப் பல இடங்களில் படைப்பிரிவுகளின் மருத்துவராகச் சுற்றினார். அமைதிக் காலத்தில் படை மருத்துவருக்கு வேலை அதிகமில்லை. காலையில் நோயாளிகளைப் பார்வையிட்டபின் பகல் முழுதும் ஓய்வே. அவ்வோய்வில் அவர் கணித நூல்களைக் கரைத்துக் குடித்தார்; கவிதையும் நாவலும் எழுதினார். 1889இல் அவருடைய நாவலொன்று அச்சாகி வெளிவந்தது. அதனால் பெரும் புகழ் எதுவும் வரவில்லை.

இக்காலத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. 1883இல் பங்களூரில் அவர் தங்கியிருந்த வீட்டில் கொசுத் தொல்லை மிகுதியாக இருந்தது. சாளரத்தின் அருகே கிடந்த நீர்த்தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டு, நீரைக் கவிழ்த்துவிட்டார். கொசுவும் குறைந்தது. இதனைப் பிற இடங்களிலும் செய்யலாமே என்று படை அதிகாரி ஒருவரிடம் கூறினார். அவர் இணங்கவில்லை, ராஸும் அத்துடன் விட்டுவிட்டார். பின்னாளில் உலகப் புகழைப் பெற்றுத் தரவிருந்த பொருள் அன்றே அவர் கண்முன் நெளிந்துகொண்டிருந்தது. அதை நோக்கி ஒரு வினாவைத் தொடுக்கும் முனைப்பு அன்று அவரிடம் இல்லை.

ஆண்டுகள் செல்லச் செல்ல அவருக்குப் பணியில் சலிப்பு மிகுந்தது. எடுத்தவை பல, முடித்தவை சில. வேலையை விட்டு விலகிவிடலாமா என்றுகூட எண்ணினார். 1888இல் விடுமுறையில் இங்கிலாந்து சென்றபோது, சுகாதாரப் பட்டயம் பெற்று, கிருமியியலும் பயின்றார். மறு ஆண்டு திருமணம் செய்துகொண்டு இந்தியா திரும்பினார். தம்மைச் சூழ்ந்து மக்களை வாட்டிய மலேரியாவை ஆராயவும் தொடங்கினார். எனினும் வழி புலப்படவில்லை. லவெரான் எனும் பிரெஞ்சு மருத்துவர் அல்ஜீரியாவில் 1880ஆம் ஆண்டிலேயே, மலேரியா நோயாளியின் இரத்தத்தில் ஓர் உயிரியைக் கண்டு அறிவித்திருந்தார். ராஸ் தம் நுண்ணோக்கியில் எவ்வளவு தேடியும் அது கிட்டவில்லை. ஆகவே அப்படியொன்று இல்லையென்றும், மலேரியா குடலில் தோன்றும் கோளாறென்றும் கட்டுரைகள் எழுதினார். அவை முழுத் தவறானவை.

ஒரு வினா கிடைத்தது

1894ஆம் ஆண்டு மீண்டும் விடுமுறையில் லண்டன் சென்ற ராஸ், ஏப்ரல் மாதத்தில் பாட்ரிக் மான்ஸன் எனும் மருத்துவரைச் சந்தித்தார். ராஸுக்கு 37 வயது நிறையச் சில வாரங்களே இருந்தன. மான்ஸன் சீனாவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். யானைக்கால் நோய்க்குக் காரணமான புழு கொசுவின் உடலினுள் வளர்வதை 1877இல் கண்டறிந்தவர். ராஸ் பல ஆண்டுகளாகத் தேடியும் காணாத மலேரியா உயிரியை, அவர் நோயாளி ஒருவரின் குருதித் துளியில் சற்று நேரத்திலேயே காட்டிவிட்டார்.

பின்னொருநாள் இருவரும் லண்டன் வீதியில் நடந்து செல்கையில், மான்ஸன் தம் உள்ளத்திலிருந்த கருத்தை வெளியிட்டார். யானைக்கால் புழுவைப் போலவே மலேரியா உயிரியும் கொசுவின் உடலினுள் வளர்கிறதோ என்பதே அவரது ஐயம். அதைச் சோதித்துப் பார்க்க அவரால் இயலாது. லண்டனில் அதற்கு வேண்டிய நோயாளிகளும் இல்லை, கொசுக்களும் இல்லை. இந்தியாவில் இரண்டிற்கும் குறைவில்லை. ராஸ் அவ்வினாவைத் தமதாக்கிக்கொண்டார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் நலம். ராஸிடம் அதுவரை இல்லாதது எது? அறிவு இருந்தது, ஓய்வு இருந்தது, பெரியவனாக வேண்டும் என்ற ஆசையும் நிறைய இருந்தது. நாளைக் காலை எழுந்தவுடன் செய்யத்தக்க அளவில் குறுகிய, தெளிவான ஒரு வினாதான் இல்லை. அவ்வினாவைத் தந்தவர் அவரினும் மூத்த ஒருவர். தந்ததுடன் மான்ஸன் நின்றுவிடவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் இருவரிடையே நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் சென்று வந்தன. சோர்ந்தபோது தேற்றியும், வழிதவறியபோது திருத்தியும், மேலிடத்தில் பரிந்து பேசியும் அம்மூத்தவர் துணை நின்றார்.

செகந்தராபாத்தில் முதல் முயற்சி

1895 ஏப்ரலில் ராஸ் பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கினார். சுங்கச் சாவடியில் பெட்டிகள் விடுபடும் முன்னரே மருத்துவமனைக்கு விரைந்து மலேரியா நோயாளிகளைத் தேடினார். பதினான்கு ஆண்டுகளாகச் சலிப்புடன் பணியாற்றிய அதே மனிதரே இவர்! அவர் பதவியும் மாறவில்லை, ஊதியமும் உயரவில்லை. உள்ளத்தில் ஒரு வினா குடிபுகுந்திருந்தது, அவ்வளவே.

அங்கிருந்து செகந்தராபாத் வந்து, 19ஆம் மதராஸ் காலாட்படைப் பிரிவின் மருத்துவராகப் பொறுப்பேற்றார். படைப்பிரிவின் கடமைகளை முடித்தபின் கொசு ஆராய்ச்சி. நோயாளியைக் கொசு வலைக்குள் படுக்கச் செய்து, அதனுள் கொசுக்களை விட்டு, அவை குருதி குடித்தபின் பிடித்து அறுத்துப் பார்ப்பார். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் நோயாளிக்கு ஓர் அணா கொடுப்பார். கொசுவின் வயிற்றில் உயிரியின் தொடக்க மாறுதல்கள் தெரிந்தன. அதன்பின் அது எங்கே செல்கிறது என்பது புலப்படவில்லை.

கொசு நீரில் விழுந்து மடிய, அந்நீரைப் பருகுவோர்க்கு நோய் வருகிறது என்பது மான்ஸனின் எண்ணம். அத்தகைய நீரைப் பணம் பெற்றுப் பருக இசைந்த சிலருக்குக் கொடுத்தும் ராஸ் சோதித்தார். தெளிவான முடிவு எதுவும் கிட்டவில்லை. மனிதரை இவ்வாறு சோதனைக்கு உட்படுத்துவதை இன்றைய மருத்துவ நெறி ஏற்காது என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

முயற்சி பலிக்காமைக்குக் காரணம் ஒன்றே. அவர் பயன்படுத்தியவை மலேரியாவைச் சுமக்கும் இனக் கொசுக்கள் அல்ல. கொசுவில் பல இனங்கள் உண்டு; அவற்றுள் மனித மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் எனும் ஓரினம் மட்டுமே என்பது அன்று எவரும் அறியாதது.

இடமாற்றமும் இடையூறும்

1895 செப்டம்பரில், பங்களூரில் பரவிய காலராவைத் தடுக்கும் பணிக்கு ராஸ் அனுப்பப்பட்டார். ஆராய்ச்சி நின்றது. சாக்கடைகளையும் கிணறுகளையும் சீர்திருத்தும் பணியில் ஏறத்தாழ ஈராண்டுகள் சென்றன. மாற்றல் உத்தரவு வந்ததும் மூட்டை கட்டும் இருப்புப்பாதைக் குடும்பங்களாகிய நமக்கு அவர் நிலை நன்கு விளங்கும். அவர் அப்பணியை வெறுப்புடன் ஒதுக்காமல் ஒழுங்காகவே செய்தார். தம் வினாவையும் கைவிடவில்லை.

1897 ஏப்ரலில் விடுமுறையில் உதகமண்டலம் சென்றார். அருகிலுள்ள சீகூர் மலைப்பாதை அன்று மலேரியாவுக்குப் பேர்போன இடம். அங்குச் சென்று வந்தவர், கொசு வலைக்குள் உறங்கியும் தாமே அந்நோய்க்கு ஆளானார். தேறியபின் அப்பகுதியில் தேடுகையில், அதுவரை தாம் கவனிக்காத ஒரு கொசுவைக் கண்டார். அதன் சிறகுகளில் புள்ளிகள் இருந்தன. மற்றக் கொசுக்களைப் போலன்றிச் சுவரில் வால் தூக்கி அமர்ந்திருந்தது. அக்காட்சி அவர் நினைவில் தங்கிவிட்டது. ஜூன் மாதத்தில் செகந்தராபாத்திற்கு மீண்டு வந்தார்.

1897 ஆகஸ்டு 20

அவ்வாண்டின் கோடை நீண்டு, மழை பொய்த்துப் புழுக்கம் மிகுந்திருந்தது. பேகம்பேட்டை மருத்துவமனையின் சிற்றறையில் அமர்ந்து ராஸ் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்து வந்தார். பங்கா இழுத்தால் கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் அதுவும் இல்லை. நெற்றி வியர்வை வழிந்து நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன. கண்ணாடி வில்லையும் விரிசல் கண்டது. சிறு பூச்சிகள் கண்ணிலும் காதிலும் மொய்த்தன. நூற்றுக்கணக்கான கொசுக்களைப் பார்த்தாயிற்று, கண்டது ஒன்றுமில்லை.

ஆகஸ்டு இடையில் அவருடைய மருத்துவ உதவியாளர்களுள் ஒருவர், வால் தூக்கி அமர்ந்திருக்கும் ஒரு சிறு கொசுவைச் சுவரில் சுட்டிக்காட்டினார். அவ்வமயமே, திரட்டி வைத்த புழுக்களினின்றும் புள்ளிச் சிறகுக் கொசுக்கள் சில வெளிவந்தன. 16ஆம் நாள் அவற்றை ஹுசேன் கான் எனும் மலேரியா நோயாளியின் குருதியைக் குடிக்கச் செய்தனர். வழக்கம்போல் கொசுவுக்கு ஓர் அணா. சில கொசுக்கள் தாமே மடிந்தன. சிலவற்றை அறுத்துப் பார்த்ததில் பயனில்லை.

20ஆம் நாள் எஞ்சியவை மிகச் சிலவே. கண்கள் களைத்திருந்த நண்பகல் வேளையில் அவற்றுள் ஒன்றை அறுத்து, அதன் வயிற்றுச் சுவரை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார். அதில் வட்டமான சில அணுக்கள் தென்பட்டன. கொசுவின் வயிற்றுக்கு அவை உரியன அல்ல. அவற்றுள் கரிய துகள்கள் இருந்தன. அத்துகள்கள் மலேரியா உயிரிக்கே உரிய அடையாளம். மறுநாள் இறுதிக் கொசுவையும் அறுத்தார். அணுக்கள் முன்னாளினும் பெரியனவாக வளர்ந்திருந்தன. ஐயம் நீங்கியது. மலேரியா உயிரி கொசுவினுள் வாழ்ந்து வளர்கிறது! அன்றைய உணர்ச்சிப் பெருக்கை ராஸ் ஒரு கவிதையாகவும் வடித்தார். உலகெங்கும் ஆகஸ்டு 20ஆம் நாள் இன்றும் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது.

அந்தக் கொசுவைச் சுட்டிக்காட்டிய உதவியாளர் யார்? தம் வரலாற்றை எழுதுகையில் அவர் பெயர் நினைவில் இல்லையென்று ராஸ் வருந்தியிருக்கிறார். உலகை மாற்றிய ஒரு கண்டுபிடிப்பில் பங்குகொண்ட அந்த இந்தியர் பெயரின்றி மறைந்தார். அவர் காட்டிய கொசு மட்டும் மறக்கப்படவில்லை.

மீண்டும் மாற்றல்

இத்தகைய வெற்றியின்பின் அரசாங்கம் அவருக்கு ஆராய்ச்சிக்கூடம் அமைத்துக் கொடுத்திருக்கும் என நாம் எண்ணுவோம். நடந்தது வேறு. செப்டம்பர் மாதமே மாற்றல் உத்தரவு வந்தது. இராஜபுதனத்திலுள்ள கேர்வாரா எனும் மூலைக்கு அனுப்பப்பட்டார். அங்கு மலேரியா நோயாளிகளே அரிது. ராஸ் மனம் வெதும்பினார். பணி துறக்கவும் துணிந்தார். இருப்பினும் கைகட்டி இராமல், அங்குக் கிடைத்த புறாக்களின் குருதியை ஆராயத் தொடங்கினார். பறவைகளுக்கும் மலேரியா போன்ற நோய் உண்டு.

மான்ஸன் லண்டனில் அதிகாரிகளிடம் வாதாடியதன் பயனாக, 1898 தொடக்கத்தில் ராஸ் சிறப்புப் பணியில் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். அப்போது பிளேக் நோய்க்கு ஊசி போடும் செய்தியால் மக்கள் அஞ்சியிருந்தனர். விரலில் ஊசி குத்த எவரும் இசையவில்லை. கேர்வாராவில் தொடங்கிய பறவை ஆராய்ச்சி இப்போது கைகொடுத்தது. முகமது பக்ஸ் எனும் உதவியாளர் இரவும் பகலும் உடனிருந்து உழைத்தார். 1898 ஜூலையில் மலேரியா உயிரி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதை ராஸ் கண்டார். அக்கொசுக்கள் கடித்த நோயற்ற குருவிகள் நோயுற்றன. நீரைப் பருகுவதால் அன்று, கொசு கடிப்பதாலேயே நோய் பரவுகிறது என்பது வெளியாயிற்று. அவருக்கு வினாவைத் தந்த ஆசானின் கருத்தில் பாதி மெய்யாயிற்று. பாதி திருத்தம் பெற்றது. அதே மாதம் எடின்பரோ நகரில் கூடிய மருத்துவர் பேரவையில் மான்ஸனே இச்செய்தியை மகிழ்வுடன் அறிவித்தார்.

புகழும் பூசலும்

1899இல் ராஸ் இந்தியப் பணியினின்று விலகி, லிவர்பூல் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். 1902இல் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. இந்திய மண்ணில் பிறந்தவர்களுள் அப்பரிசை முதன்முதல் பெற்றவர் அவரே. 1911இல் ஸர் பட்டமும் கிடைத்தது. இளமையில் பொழுதுபோக்காகக் கற்ற கணிதமும் வீண்போகவில்லை. ஓர் ஊரிலுள்ள கொசுக்களையெல்லாம் அழிக்க வேண்டியதில்லை, குறிப்பிட்ட அளவிற்குக் கீழே குறைத்தாலே மலேரியா தானாக மறையும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். நோய் பரவுதலைக் கணிதத்தால் அளக்கும் இன்றைய துறைக்கு அதுவும் ஓர் அடிப்படையாக அமைந்தது. ஓவியப் பயிற்சி, கண்ட உயிரிகளை வரைய உதவியது. எழுத்துப் பயிற்சி, நூல்கள் இயற்ற உதவியது. நோக்கம் ஒன்று அமைந்தபின், சிதறிக் கிடந்த திறமைகள் யாவும் ஒன்றுசேர்ந்து பயன் தந்தன.

ஆயினும் அவர் வாழ்வின் பிற்பகுதி முழுதும் இனிதாக அமையவில்லை. மனித மலேரியாவை அனாபிலிஸ் கொசு பரப்புவதை 1898 இறுதியில் மெய்ப்பித்த இத்தாலிய அறிஞர் கிராஸியுடன், முதன்மை யாருக்கு என்பது பற்றிப் பூசல் எழுந்தது. அது ஆண்டுக்கணக்கில் நீடித்தது. தம் ஆசானாகிய மான்ஸனிடத்தும் மனத்தாங்கல் கொண்டார். தம் கண்டுபிடிப்புக்கு அரசாங்கம் தக்க பொருளுதவி வழங்கவில்லையென முறையிட்டு, மறுக்கப்பெற்றார். 1914இல் முதல் உலகப்போரில் மூத்த மகனை இழந்தார். 1926இல் லண்டனில் அவர் பெயரால் மருத்துவ நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. 1932 செப்டம்பர் 16ஆம் நாள் அவர் காலமானார்.

பெரியோரின் குறைகளை மறைத்துப் புகழ் மட்டும் பாடுதல் மலர்க் கட்டுரைகளின் வழக்கம். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. விடையைத் தேடியபோது புழுக்கமும் நோயும் தோல்வியும் ராஸை வாட்டவில்லை; பெயரைத் தேடியபோது நோபெல் பரிசும் அவருக்கு நிறைவு தரவில்லை. குறிக்கோள் வேறு, புகழாசை வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் வரலாறு அரிது.

நாம் கொள்ளத்தக்கன

இந்தியா விடுதலை பெற்ற காலத்தில், இந்நாட்டில் ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாகி, எட்டு இலட்சம் பேர் மடிந்தனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டு முயற்சி தொடங்கிய பின்னர் இத்தொகை பெரிதும் குறைந்தது. அண்டை நாடான இலங்கை மலேரியா அற்ற நாடென 2016இல் உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. எனினும் 2023ஆம் ஆண்டிலும் உலகில் ஏறத்தாழ ஆறு இலட்சம் உயிர்களை இந்நோய் பறித்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். ராஸ் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை.

நாம் எல்லோரும் ராஸ் ஆக இயலுமா என்று கேட்கலாம். இயலாது, தேவையும் இல்லை. அவர் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மிக எளியவை.

முதலாவது, குறிக்கோள் பிறப்புடன் வருவதன்று. அது முப்பத்தேழிலும் வரலாம், ஐம்பத்தேழிலும் வரலாம். இருபது வயதில் வழி புலப்படாத இளைஞர் நாணவோ அஞ்சவோ வேண்டியதில்லை. கற்பதை மட்டும் நிறுத்தலாகாது. இன்று பயனற்றதாகத் தோன்றும் கல்வி பின்னர் எங்கே உதவும் என்று எவரும் சொல்ல இயலாது.

இரண்டாவது, அது வானத்திலிருந்து இறங்கும் பெருங்கனவாக இருக்க வேண்டியதில்லை. நம் கைக்கெட்டும் ஒரு வினாவாக இருந்தால் போதும். நாம் அமர்ந்திருக்கும் மேசையில் இப்பணி ஏன் இவ்வளவு தாமதமாகிறது? நம் குடியிருப்பில் பிறந்த பிள்ளைகள் தமிழ் எழுத்தறியாமல் வளர்கிறார்களே, வாரம் இரண்டு மணி நேரத்தில் அவர்களுக்கு எழுத்தறிவிக்க இயலுமா? வீட்டு மாடியிலும் பூந்தொட்டியிலும் தேங்கும் நீரை இத்தெருவார் சேர்ந்து ஒழித்தால், இவ்வாண்டு காய்ச்சல் குறையுமா? இவற்றுள் ஒன்றை எடுத்து, விடை காணும்வரை விடாது பற்றிக்கொண்டால், அலுவலகத்திற்குச் செல்லும் காலடியில்கூடப் புதுவேகம் பிறக்கும்.

மூன்றாவது மூத்தோர்க்கு உரியது. மான்ஸன் இன்றேல் ராஸ் இல்லை. இளைஞரைக் கண்டால் மதிப்பெண்ணையும் சம்பளத்தையும் கேட்பதுடன் நில்லாமல், அவர் ஆற்றலுக்கேற்ற ஒரு வினாவைத் தருவோம். தந்தபின் மறவாமல் அடிக்கடி விசாரிப்போம். நம் போன்ற சங்கங்கள் ஆண்டுக்கொருமுறை விழா எடுப்பதன் பயனும் மூத்தோரும் இளையோரும் ஒருங்கமர்ந்து இவ்வாறு உரையாடுவதே ஆகும்.

நான்காவது, பெயர் தெரியாத அந்த உதவியாளரை நினைவில் வைப்போம். கல்வெட்டில் பெயர் பொறிக்கப்பெறாதவரே உலகில் பெரும்பாலோர். நாமும் அவருள் அடங்குவோம். தம் கடமையின் நடுவே கண்ணைத் திறந்து வைத்திருந்து, சுவரிலிருந்த ஒரு சிறு கொசுவை அவர் சுட்டிக்காட்டினார். அது போதுமானதாக இருந்தது.

பேகம்பேட்டை வழியாகச் செல்லும்போது, பிள்ளைகளுக்கு அக்கட்டடத்தைக் காட்டி இக்கதையைச் சொல்லுமாறு சங்கத்துப் பெற்றோரைக் கேட்டுக்கொள்கின்றோம். மதராஸ் மாகாணத்தில் பணிபுரிய வந்து, பங்களூரிலும் நீலகிரியிலும் அலைந்து, இறுதியில் நாம் வாழும் இந்நகரில் விடை கண்ட ஒரு மனிதரின் கதை இது. பிழைப்பை நாடி இங்கு வந்த நமக்கும் நம் மக்களுக்கும் இதே மண்ணில் நல்லதொரு நோக்கம் கிட்டுவதாக! நம் சங்கமும் அதன் பணிகளும் ஆண்டுதோறும் ஓங்கி வளர்க!